செலாயாங் கொண்டான் பிறந்த கதை

கிரிகரி சார் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர்களில் ஒரே ஒருவர்தான் அதை வாழ்க்கைக்குப் பயன்படுத்திக்கொண்டார். சாருக்குச் சோதனை வந்தது அந்த ஒருவரால்தான்.

கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு தோட்டம் போடலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் ஓய்வு பெற்ற நான்காம் மாதமே மனைவி கேத்தரினுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசி குத்தி டயாலிசிஸ் மெஷினோடு இருக்க வேண்டும். அந்த மெஷின் இருந்த இடம், வெற்றிச்சுடர் மக்கள் பேரவை கிள்ளானில் நடத்திய இலவச சென்டர். கேத்தரின் போகும் நாள்களில் அங்கே பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு நோயாளி. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாமல் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரவைத் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தால்தான் நாற்காலி தொடரும்.

ஆகவே பேரவைச் செயலாளர் வாசு போன் செய்து, "சார், வரலாற்று விழிப்புணர்வு வாரம் வருது, நீங்க வந்து ஏதாச்சும் பேசணும்" என்றபோது, சார் என்ன ஏது என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

பேரவையின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தது. பதினேழு கிளைகளும் நாற்பத்தொரு குழுக்களும் உள்ள அமைப்பு அது. குழுக்கள் சரியாகக் கூடுகின்றனவா என்று பார்க்கும் குழு ஒன்றும் அதில் அடக்கம். அது மட்டும் இதுவரை கூடியதில்லை. லிப்ட் தலைவரின் அட்டையைக் காட்டினால்தான் நகரும். சார் படியேறிப் போனார்.

அன்றைக்கு வந்திருந்த நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் கறிபாப் பலகாரத் தட்டு வெளியே வருவதற்காகக் காத்திருந்தவர்கள். சார் அலெக்சாந்தரைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பிலிப் என்ற ராஜாவுக்குப் பிறந்த மனிதன், நாடு நாடாகப் பிடித்த பிறகு தகப்பன் போதவில்லை என்று நினைத்த கதை அது. வயிற்றில் மின்னல் இறங்கியதாக அம்மா கனவு கண்டாள் என்று ஒரு பேச்சைப் பரப்பினார்கள். பிறகு அவன் பாலைவனம் தாண்டி எகிப்தில் குறி சொல்லும் கோயிலுக்குப் போனான். பூசாரிக்குக் கிரேக்கம் சரியாக வராது. 'மகனே' என்று கூப்பிட நினைத்தவர் வாய் தவறி 'கடவுளின் மகனே' என்று கூப்பிட்டுவிட்டார். கூட வந்தவர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவனுடைய சொந்தப் படைவீரர்களே, "அடுத்த சண்டைக்கு உங்க சாமி அப்பாவையே கூட்டிட்டுப் போங்க" என்று கிண்டல் பண்ணினார்கள்.

"உலகத்தையே பிடிச்சவன், பெத்த தகப்பனைத் தொலைச்சிட்டான்" என்று சார் முடித்தார். அந்த வரியை அவர் வீட்டில் கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தார்.

கைதட்டல் அடங்கியதும் முன்வரிசையில் இருந்த தலைவர் முகுந்தன் எழுந்தார். அவர் கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. பேரவை வரலாற்றில் அவர் குறிப்பு எடுத்து யாரும் பார்த்ததில்லை.

"சார், இதெல்லாம் செஞ்சு முடிக்க அவருக்கு எத்தன வருசம் ஆச்சு?"

"ஒரு பத்துப் பன்னெண்டு வருசம் ஆயிருக்கும், தலைவரே."

தலைவர் நோட்டைப் பார்த்து யோசித்தார். "நமக்கு ஆண்டுக் கூட்டம் ஜூலையில வருது" என்றார்.

மறுநாளே சாரைக் கூப்பிட்டனுப்பினார்கள். இம்முறை லிப்ட் வேலை செய்தது.

முகுந்தன் ஒன்பது வருடத்துக்கு முன் கிள்ளான் கிளையில் துணைப் பொருளாளராகத் தொடங்கியவர். அங்கிருந்து படையெடுத்து ஒவ்வொரு கிளையாகப் பிடித்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் கூட்டத் தேதியைத் தம் ஆள்களுக்கு மட்டும் தெரிவித்து வென்றார். செலாயாங்கில் எதிரணியினர் இருபத்து மூன்று பேரும் ஒரு மண்டபத்தில் தயாராக உட்கார்ந்திருக்க, தேர்தல் அடுத்த தெரு மண்டபத்தில் நடந்து முடிந்துவிட்டது. கடாரம் வென்ற சோழனுக்குக் கடாரம் கொண்டான் என்று பட்டம் இருப்பது போல, அன்று முதல் இவருக்குச் 'செலாயாங் கொண்டான்' என்று பட்டம். விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னாலேயே அது இருந்தது.

"சார், பதினேழு கிளை புடிச்சாச்சு" என்றார் தலைவர். "இனிமே புடிக்க ஒண்ணும் இல்ல. ஆனா இன்னிக்கும் பின்னாடி என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? லோரிக்காரர் மவன். இவ்வளவு செஞ்சும் அதே பேச்சு. நான் யோசிச்சுப் பாத்தேன். வேலை செஞ்சு மரியாதை வராது சார். வேலை செஞ்சா வேலைக்காரன்னுதான் நெனைப்பாங்க. மரியாதை பொறப்புல வரணும்."

"பொறப்பு ஏற்கனவே நடந்திருச்சே, தலைவரே."

"அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டேன்."

சாருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. "பொய் எழுதச் சொல்றீங்களா?"

தலைவர் மனம் நொந்துபோனார். "பேரவையில பொய்க்கு எடமே இல்ல சார். எல்லாத்தையும் தீர்மானம் போட்டு, முன்மொழிஞ்சு, வழிமொழிஞ்சுதான் எழுதுவோம். அப்புறம் எப்படி அது பொய்யாகும்?"

"நான் சர்ச்சுக்குப் போறவன். இந்த மாதிரி விசயத்துல…"

"அதனாலதான் நீங்க நடுநிலை" என்றார் வாசு பக்கத்திலிருந்து.

எந்தச் சாமி என்ற கேள்வி வந்தது. பதினேழு கிளைக்காரர்களுக்கும் பதினேழு குலதெய்வம். ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். "பொதுவா மின்னல்னு வச்சுக்குவோம்" என்று தலைவரே முடிவு சொன்னார். "மின்னலுக்குச் சாதி இல்ல, கிளை இல்ல. முற்போக்காவும் இருக்கும்."

சார் மறுப்பதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். கேத்தரினுடைய நாற்காலிக் கடிதம். பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே பேனாவைப் பிடித்தபடி கேத்தரினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். பிறகு மூடியை மாட்டி, கடிதத்தைக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார்.

"பிறப்பு வரலாறு முடிஞ்சதும் போட்டுடலாம் சார்."

கிரிகரி சார் திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் கீழே இறங்கும்போது லிப்டில் வாசு நியமனக் கடிதத்தைக் கொடுத்தார். பேரவையின் நாற்பத்திரண்டாவது குழு: தலைவர் பிறப்பு வரலாற்றுக் குழு. செயலாளர், உறுப்பினர், ஆய்வாளர் மூன்று இடத்திலும் சாரின் பெயரே இருந்தது.

ஆய்வு கிள்ளானில் தொடங்கியது. தலைவரைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருந்ததுதான் ஆய்வுக்கு இருந்த பெரிய தடை. தகப்பனார் சின்னையாவுக்கு எண்பத்திரண்டு வயது. செம்பனைப் பழம் ஏற்றும் லோரியை நாற்பது வருடம் ஓட்டியவர். அம்மா இராஜம்மாவுக்கு எழுபத்தெட்டு. மகன் பங்சாரில் பெரிய வீடு வாங்கிய பிறகும் இவர்கள் கிள்ளானில் பழைய வரிசை வீட்டிலேயே இருந்தார்கள். மகன் கூப்பிடவில்லை என்பதை வெளியே சொல்லாமல், இங்கேதான் காற்று வரும் என்று சொல்லி வந்தார்கள்.

சாரும் வாசுவும் போனபோது இராஜம்மா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். வாசு தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலத்தை நீட்டினார். முகுந்தன் பிறப்பதற்குப் பத்து மாதம் முன்பு ஒரு மின்னல் தம் வயிற்றில் இறங்கியதை இராஜம்மா உறுதி செய்யும் வாக்குமூலம் அது. அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியும். மெதுவாக, விரலை வைத்துப் படித்தார்.

"மின்னல் வயித்துல எறங்கியிருந்தா நான் செத்துல்ல போயிருப்பேன்?"

"அது வேற மாதிரி மின்னல், ஆன்டி" என்றார் வாசு.

"அப்ப புள்ளைக்கு அப்பா யாரு?"

"மின்னல்தான்."

"இந்த மனுசன்?"

வாசு இரண்டாவது தாளைக் காட்டினார். அதில் சின்னையாவின் பெயருக்கு நேரே 'வளர்ப்புத் தந்தை' என்று இருந்தது.

இராஜம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "அம்பத்தெட்டு வருசம் இவரோட குடும்பம் நடத்தியிருக்கேன். ஒரு நாள் ஒருத்தன் என்ன பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல. இப்ப நான் பெத்த புள்ள, வேற எவனோடயோ பெத்தேன்னு என்னையே கையெழுத்துப் போடச் சொல்றானா?"

"எவனோடயும் இல்ல ஆன்டி. மேலுலகம்."

"மேல இருந்து வந்தா மட்டும் மானம் போகாதா?"

சின்னையா எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு சிறு தாளை எடுத்துச் சாரிடம் கொடுத்தார். போலீஸ் சம்மன். ஐம்பத்தேழு வருடத்துக்கு முந்தைய தேதி.

"அன்னிக்குப் பழ லோடோட போயிட்டு இருந்தேன் சார். இவளுக்கு வலி வந்திருச்சின்னு சொன்னாங்க. லோரியோட ஆஸ்பத்திரி வாசலுக்கே போயிட்டேன். ஆம்புலன்ஸ் நிக்கிற எடத்துல நிறுத்திட்டேன்னு சம்மன் எழுதிட்டான். காலையில பதினோரு மணி. புள்ள சத்தம் வெளிய கேக்குது, இவன் உக்காந்து என் பேர எழுதிட்டு இருக்கான்." கிழவர் சிரித்தார். "நல்ல வெயில் அன்னிக்கு. மின்னல் இருந்திருந்தா ஞாபகம் இருக்கும்."

சார் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். சரித்திர ஆசிரியர் கையில் ஆதாரம் கொடுத்தால் என்ன செய்வார்? பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

"நீங்க ஏன் சார் இந்த வேலைக்கு வந்தீங்க? படிச்சவரா இருக்கீங்க" என்று சின்னையா கேட்டார். அதில் குத்தல் இல்லை. வாசு போன் பேச வெளியே போயிருந்தார். சார் சொன்னார். மனைவியைப் பற்றி, நாற்காலியைப் பற்றி, கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருக்கும் கடிதத்தைப் பற்றி.

"வாரத்துக்கு மூணு தடவையா?"

"மூணு தடவை, பெரியவரே."

"ரெண்டு ஊசி?"

"ரெண்டு."

சின்னையா இரண்டாவது தாளை இழுத்து 'வளர்ப்புத் தந்தை' என்ற சொல்லுக்குக் கீழே தம் பெயரை எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக, லோரியை ஒடுக்கமான சந்தில் பின்னால் எடுப்பது போல நிதானமாக எழுதினார். இராஜம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அவர் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையில் அந்த இடத்தில், 'தாயார் பேரானந்தத்தால் பேச முடியாத நிலையில் இருந்தார்' என்று வாசு எழுதச் சொன்னார். சார் எழுதினார்.

அடுத்தது பாலைவனம். சிலாங்கூரில் பாலைவனம் கிடையாது. ஆனாலும் தலைவர் அதை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் பழைய ஈயச் சுரங்க நிலத்தில், வீடமைப்புக்காக நிரவிவிட்ட வெள்ளை மணல் திடல் ஒன்று கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு கார்கள் ஊர்வலமாகப் போயின. எல்லாவற்றிலும் ஏர்கான் இருந்ததால், பாலைவன அனுபவத்துக்காகக் கடைசி அரைக் கிலோமீட்டர் கண்ணாடியை இறக்கிக்கொள்ளும்படி வாட்சப்பில் உத்தரவு வந்தது.

திடலின் நடுவே தகரக் கொட்டகை ஒன்றில் காவலாளி இருந்தார். வங்காளதேசத்துக்காரர். கூட வேலை செய்தவர்களிடம் நாலு வார்த்தை தமிழ் கற்றிருந்தார். இத்தனை கார்கள் வருவதைப் பார்த்து, சிமெண்டு மூட்டை எடுக்க வந்த கான்ட்ராக்டர்கள் என்று நினைத்துக்கொண்டார். ஓடிவந்து தலைவரின் கார் ஜன்னலில் குனிந்து, தமக்குத் தெரிந்த தமிழில் மரியாதையாகக் கேட்டார்.

"சாமான்? பாஸ், சாமான்?"

வாசு காரிலிருந்து குதித்தார். "கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா? சாமி மவன்னு சொல்றாரு."

"சாமான்" என்று காவலாளி மறுபடியும் சொல்லி, மூட்டைகளைக் காட்டினார்.

"ரெண்டாவது தடவையும் சொல்லிட்டாரு" என்றார் வாசு.

பதினான்கு காரிலும் இருந்தவர்கள் கேட்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். பின்னால் இருந்த காரில் கண்ணாடி இறக்காமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் போட்டார்கள். தலைவர் மணலில் இறங்கி நின்று, காவலாளியின் தோளில் கைவைத்து, "இந்த வெளிநாட்டுக்காரருக்கு என்ன முன்னப்பின்னத் தெரியாது. இவர் ஏன் சொல்லணும்?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். கிரிகரி சார் மட்டும் ஓரமாக நின்றார். சில மாதம் முன்பு அவர் இருபது நிமிடம் பேசிய பேச்சு, கறிபாப் தட்டைத் தாண்டி வந்து மணலில் கால் ஊன்றி நிற்பதைப் பார்த்தார்.

ஜூலையில் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. சார் மேடையேறி 'செலாயாங் கொண்டான் பிறப்பு வரலாறு' என்ற பதினாறு பக்க அறிக்கையை வாசித்தார். வாசிக்கும்போது அவர் மனதில் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அலெக்சாந்தரின் வீரர்கள் சிரித்தார்கள். இங்கேயும் யாராவது ஒருவர், பின்வரிசையிலாவது ஒருவர், சிரித்துவிட்டால் போதும். மண்டபம் முழுக்கச் சிரிப்பு பரவிவிடும், கதை அன்றோடு முடிந்துவிடும். மின்னல் வரும் பக்கத்தில் அவர் வேண்டுமென்றே நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நானூறு பேரும் அவரவர் அப்பாவை நினைத்துக்கொண்டிருப்பது போல முகத்தை வைத்திருந்தார்கள். சின்னையா மூன்றாம் வரிசையில், வெள்ளைச் சட்டைப் பையில் 'வளர்ப்பு' என்று அச்சிட்ட அட்டை குத்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. இராஜம்மா வரவில்லை.

தலைவர் பேசினார். "எனக்கு இதுல எந்தப் பெருமையும் இல்ல. மேலுலகத்துக்குப் பொறக்கணும்னு நான் விண்ணப்பம் போடல. இது என் மேல சுமத்தப்பட்ட பொறுப்பு. ஆனா ஒண்ணு சொல்றேன். இனிமே என்னக் கேள்வி கேக்கறவங்க, என்ன மட்டும் கேக்கல. வானிலையையே கேக்குறாங்க."

கைதட்டல் நிற்பதற்கு முன்பே செலாயாங் கிளைத் தலைவர் தங்கமணி எழுந்தார். மொத்தக் காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் வியாபாரம் செய்பவர். "தலைவருக்கு வாழ்த்து. அதே நேரம், எங்கம்மா என்ன சுமந்தப்போ ஒரு பெரிய காத்து அடிச்சதா வீட்டுல சொல்லுவாங்க. இதக் குழு விசாரிக்கணும்" என்றார். உடனே பங்சார் கிளைத் தலைவர் வெள்ளம் என்றார். இன்னொருவர் நிலநடுக்கம் என்றார். மலேசியாவில் நிலநடுக்கமா என்று யாரோ கேட்டதற்கு, சுமத்ராவில் நடந்தது, அதிர்வு வந்து சேர்ந்தது என்றார்.

இதை ஒழுங்குபடுத்தாவிட்டால் பேரவை குலைந்துவிடும் என்று தலைவருக்குப் புரிந்தது. நாற்பத்து மூன்றாவது குழு அங்கேயே அமைந்தது: பிறப்புச் சான்றளிப்புக் குழு. ஆயுள்காலத் தலைவராகக் கிரிகரி சார் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் வேண்டாம் என்று கையை உயர்த்தியதை ஆதரவு வாக்காக எண்ணிக்கொண்டார்கள். ஒரு ரப்பர் முத்திரையும், நிரப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு விண்ணப்பப் பாரமும் கிடைத்தன. பாரத்தின் முதல் கேள்வி: 'தந்தை: மனிதர் / மனிதர் அல்லாதவர். தேவையற்றதை அடித்து விடுக.' கீழே சின்ன எழுத்தில், மின்னல் தலைவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. காற்று, வெள்ளம், இதர வகைகளுக்கு இரண்டு சாட்சிகள் தேவை என்று இருந்தது.

கேத்தரினின் கடிதம் அன்று மாலை கையெழுத்தாகி வந்தது. சார் அதை வாங்கிப் பையில் வைத்தபோது, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், வளர்ந்த மனிதர்கள் தகப்பனை அடித்துவிட்டுக் கொடுத்த பாரங்களில் முத்திரை குத்தினார்.

செப்டம்பரில் பாரம் டயாலிசிஸ் சென்டருக்கு வந்துசேர்ந்தது. பேரவையின் எல்லாச் சேவைகளுக்கும் அது கட்டாயம் என்று சுற்றறிக்கை சொன்னது. சென்டர் இனி இரண்டு பிரிவாக நடக்கும். மேலுலகத் தந்தையர் பிரிவு, வழக்கமான காலை பத்து மணி. மனிதத் தந்தையர் பிரிவு, காலை ஐந்தரை மணி. சுற்றறிக்கையின் அடியில் குழுத் தலைவர் என்ற முறையில் சாரின் பெயரே இருந்தது. அவருக்கு அதைக் காட்டியதுகூட இல்லை.

ஐந்தரை மணி என்றால் கேத்தரின் நான்கு மணிக்கு எழ வேண்டும். எழுந்து உட்காரவே அரை மணி நேரம் பிடிக்கும் உடம்பு. சார் யோசித்தார். முத்திரை அவர் கையில்தானே இருக்கிறது? ஒரு பாரத்தில் கேத்தரினின் பெயரை எழுதி, 'மனிதர்' என்பதை அடித்து, பக்கத்தில் 'காற்று' என்று எழுதி, முத்திரையும் குத்தி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, சாப்பாட்டு மேசையில் அவள் முன் வைத்தார்.

கேத்தரின் படித்தாள். "இது என்னங்க காத்து?"

"சும்மா ஒரு பாரம் கேத்தி. பத்து மணிப் பிரிவு கிடைக்கணும்ல. எல்லாரும் செய்யறதுதான்."

"எங்கப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில வேலை பாத்தாரு. மெஷின்ல மாட்டி ரெண்டு விரல் போச்சு. மிச்ச மூணு விரல்ல என் கையப் புடிச்சுத்தான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. காத்துக்கு விரல் இருக்கா?"

"நான் உன் உசிரக் காப்பாத்தப் பாக்கறேன்."

"தெரியும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் சாருக்கு மோசமாக இருந்தது. "ஒரு தடவ செஞ்சீங்க. அந்தப் பெரியவர் எனக்காகத் தன் பேர எழுதிக் குடுத்தாருன்னு நீங்க வந்து சொன்ன நாள்ல இருந்து, அந்த மெஷின்ல படுக்கறப்பல்லாம் அவரு மேல படுத்திருக்க மாதிரி இருக்கு. இன்னொருத்தர் மேலயும் படுக்க மாட்டேன்."

வேறு பாரம் கேட்டாள். தந்தை என்ற இடத்தில் ஆரோக்கியசாமி என்று எழுதினாள். 'மனிதர் அல்லாதவர்' என்பதை அழுத்தமாக இரண்டு கோடு போட்டு அடித்தாள். சார் முத்திரை குத்தினார். அது கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

முதல் நாள் ஐந்தேகாலுக்குக் கிள்ளானில் இருட்டாகவே இருந்தது. மற்ற நோயாளிகளின் பாரங்கள் சென்டரிலேயே இருந்ததால் சார் அவற்றைப் பார்த்ததில்லை. கேத்தரினைக் கைத்தாங்கலாகப் படியேற்றும்போது, உள்ளே தனியாக இருக்கப் போகிறாள், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது என்று சார் நினைத்துக்கொண்டார். கதவைத் திறந்தார். பதினொரு நாற்காலியில் பதினொரு பேர் இருந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பள்ளிக்கூடக் கண்டீன் நடத்திய அம்மா, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி, எல்லாரும். ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது.

"எல்லாருமே இந்தப் பிரிவுதான், அங்கிள்" என்றாள் தாதி தாமரை. "பாரம் குடுத்தப்போ ஒருத்தரும் ஒருத்தர்கிட்ட கேக்கல. அவங்கவங்க அப்பா பேர எழுதிட்டுப் போயிட்டாங்க. பத்து மணிக்கு யாரும் இல்ல. ஆனா நாற்காலி எல்லாம் தொடச்சு ரெடியா வைக்கணுமாம். தலைவர் வராரு."

சார் வீட்டுக்குப் போக முடியவில்லை. குழுத் தலைவர் திறப்பு விழாவில் இருக்க வேண்டும் என்று வாசுவின் செய்தி வந்திருந்தது. ஒன்பதே முக்காலுக்குப் பன்னிரண்டு பேரும் ஊசி எடுத்து, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே போனார்கள். பத்து மணிக்கு ரிப்பனும் போட்டோகிராபரும் வாசுவும் கிளைத் தலைவர்களும் தலைவரும் வந்தார்கள். ரிப்பன் வெட்டி உள்ளே நுழைந்த தலைவர், பன்னிரண்டு காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"எங்க சார் ஆளுங்க?"

"இந்தப் பிரிவுக்கு விண்ணப்பமே வரல, தலைவரே."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. எல்லாரும் சொந்த அப்பா பேர எழுதிட்டாங்க."

தலைவர் பக்கத்து நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். அந்த ஒரு நொடி, அவருக்கும் ஏதோ ஞாபகம் வந்துவிட்டது போல முகம் தளர்ந்ததைச் சார் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று ஓர் அடி முன்னால் வைத்தார்.

"எவ்வளவு பின்தங்கிய சனங்க, பாத்தீங்களா சார்" என்றார் தலைவர். "ஒரு வாய்ப்பக் குடுத்தாக்கூட மேல வர மாட்டேங்கிறாங்க."

போட்டோ நாளைக்குப் பேப்பரில் வர வேண்டும். காலி நாற்காலியைப் போட முடியாது. வாசுவுக்கு வழி தோன்றியது. தலைவரே ஒரு நாற்காலியில் சாய்ந்தார். தங்கமணி அடுத்ததில் ஏறினார். வந்திருந்த கிளைத் தலைவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். தாமரையிடம் வெறும் குழாய் வாங்கி எல்லாருடைய கையிலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். பதினொரு நாற்காலி நிறைந்தது. ஓரத்தில் ஒன்று மிச்சம்.

"சார், வாங்க. பிரேம் காலியா தெரியுது" என்றார் வாசு. "அடுத்த கடிதம் அக்டோபர்ல வரும்ல, தலைவர் இங்கயே இருக்காரு, ஞாபகம் வச்சுக்குவாரு."

கிரிகரி சார் போய் உட்கார்ந்தார். கேத்தரின் சற்று முன்பு எழுந்துபோன நாற்காலி அது. ரெக்ஸின் இன்னும் சூடாக இருந்தது. வாசு அவர் முழங்கையில் குழாயை வைத்து பிளாஸ்திரியை அழுத்தினார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கையில் கட்டோடு கேத்தரின் நின்றாள். வீட்டுக்குப் போகக் காத்திருந்தாள். அவரைத் தேடி உள்ளே பார்த்தாள். ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், கடைசி நாற்காலியில் பார்வையை நிறுத்தினாள்.

சார் எழுந்திருக்கத் தலையைத் தூக்கினார்.

"அசையாதீங்க சார்" என்றார் போட்டோகிராபர்.

சார் அசையவில்லை.